தமிழில் நோய் கேட்ட டாக்டர்



இந்த வாரம் ஒரு டாக்டரின் வாழ்க்கைக் கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன், என் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தினமும் காலை பதினொரு மணி ஆனால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிடுவான். கேட்டால் வயிறு வலிக்கிறது என்பான். பதினொரு மணிக்கு என்ன பாடம் தெரியுமா? கணக்கு! பையன் கணக்குக்குப் பயந்து நாடகம் போடுகிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

வெளியே நின்றவனைச் சத்துணவு ஆயா பார்த்தார். அவர் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்றே மூன்று கேள்வி கேட்டார். எங்கே வலிக்கிறது? எந்த நேரத்தில் வலிக்கிறது? காலையில் என்ன சாப்பிட்டாய்? மூன்றாவது கேள்விக்குப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அம்மா சித்தாள் வேலைக்கு விடியற்காலையிலேயே போய்விடுவாராம். அவன் முதல் நாள் இரவு சாப்பிட்டதுதான். அது வலி இல்லை, பசி!

ஆசிரியர் பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்குத் தெரியாதது, அந்த ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. காரணம், அவர் கேட்டார், நான் கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நல்ல டாக்டர்கள் எல்லோரும் அந்த ஆயா செய்ததைத்தான் செய்கிறார்கள். நீங்கள் காய்ச்சல் என்று போனால், உடனே ஊசியை எடுப்பதில்லை. முதலில் கேட்கிறார்கள். எத்தனை நாளாக? பகலிலா, இரவிலா? குளிர் நடுக்கம் உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? இதற்கு முன் இப்படி வந்ததுண்டா? இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வதை நோய் வரலாறு கேட்பது என்பார்கள். மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் நோயாளியின் கட்டிலருகே கற்கும் முதல் பாடங்களில் ஒன்று அதுதான்.

சரி, டாக்டர் கேட்கும் கேள்வி நோயாளிக்குப் புரிய வேண்டாமா? நோயாளி சொல்லும் பதில் டாக்டருக்குப் புரிய வேண்டாமா? இதை நன்றாகப் புரிந்துகொண்டு, தமிழர்களுக்காகத் தமிழிலேயே மருத்துவம் கற்றுக் கொடுத்த ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்லர். அமெரிக்கர்! அவர் பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

பதினொரு பிள்ளைகள் இருந்த வீடு

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அங்கே வூஸ்டர் என்ற ஊரில், 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி கிரீன் பிறந்தார். வீட்டில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். ஒரு வகுப்பறை மாதிரி இருந்திருக்கும் இல்லையா? சிறு வயதிலேயே தாயை இழந்தார் கிரீன்.

அவருடைய அண்ணன் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் என்பது அவர் பெயர். நியூயார்க் நகரின் நடுவில் சென்ட்ரல் பார்க் என்ற புகழ்பெற்ற பெரிய பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்கா உருவாகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் இந்த அண்ணன்தான். அண்ணன் ஒரு மாநகரத்துக்குப் பூங்கா தந்தார். தம்பியோ பல ஆயிரம் மைல் தாண்டி வந்து, நம் மொழிக்கு மருத்துவ நூல்களைத் தந்தார்.

நியூயார்க்கில் மருத்துவம் படித்த கிரீன், 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்து தொழில் செய்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்க மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் மருத்துவராக இலங்கையில் உள்ள யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார்.

யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். நம் காரைக்குடியிலிருந்து தொண்டிக் கடற்கரைக்குப் போய், கிழக்கே பார்த்து நில்லுங்கள். உங்களுக்கு ஏறத்தாழ நேர் எதிரே, சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் யாழ்ப்பாணம்! நம் செட்டிநாட்டுப் பெரியவர்கள் பலர் இலங்கைக்குக் கப்பலேறி வணிகம் செய்தவர்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கொழும்பு, கண்டிக் கதைகள் ஏதாவது கிடைக்கும்.

ஆனால் கிரீனுக்கு அது பக்கத்து ஊர் அல்லவே! அப்போது சூயஸ் கால்வாய் வெட்டப்படவில்லை. அது திறக்கப்பட்டது 1869இல்தான். எனவே ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் சுற்றிக்கொண்டு, பாய்மரக் கப்பலில் மாதக் கணக்கில் வர வேண்டும். அப்படி வந்து, 1847இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

அவருக்கு முன்பே அந்தப் பக்கம் வந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் உண்டு. ஜான் ஸ்கடர் என்பவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தவர். அவருடைய பேத்திதான், வேலூரில் 1900இல் ஒரு சிறிய மருத்துவ நிலையமாகத் தொடங்கி, பின்னாளில் பெரிய மருத்துவமனையாகவும் கல்லூரியாகவும் வளர வழி செய்த ஐடா ஸ்கடர்.

கருவிகள் இல்லாத காலம்

இப்போது நமக்கு உடம்பு சரியில்லை என்றால், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எத்தனையோ இருக்கின்றன. கிரீன் வந்த 1847இல் என்ன இருந்தது?

எக்ஸ்ரே இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்தது 1896இல். ரத்தத்தில் வகைகள் உண்டு என்று தெரிந்தது 1901இல். நாக்குக்கு அடியில் வைக்கும் சிறிய தெர்மாமீட்டர்கூட 1860களில்தான் வந்தது. அதற்கு முன் இருந்தவை ஓர் அடி நீளம்! அதை வைத்துக்கொண்டு நோயாளி கால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

ஸ்டெதஸ்கோப் மட்டும் இருந்தது. அதன் கதை வேடிக்கையானது. 1816இல் பாரிஸ் நகரில் லென்னெக் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் இதயக் கோளாறோடு வந்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதுதான் அப்போது வழக்கம். லென்னெக்குக்கு அது கூச்சமாக இருந்தது. ஒரு காகிதத்தைக் குழாய் போலச் சுருட்டினார். ஒரு முனையை நெஞ்சிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். காதை வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாக இதய ஒலி கேட்டது! அந்தக் காகிதச் சுருள்தான் ஸ்டெதஸ்கோப்பின் தாத்தா.

ஆக, அந்தக் காலத்து டாக்டருக்குக் கண், காது, கை ஆகியவைதான் கருவிகள். எல்லாவற்றையும்விடப் பெரிய கருவி, நோயாளியிடம் கேட்கும் கேள்வி.

இது நமக்குப் புதிதும் அல்ல. நோய் எது, அதன் காரணம் எது, தீர்க்கும் வழி எது என்று ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். நம் சித்த மருத்துவர்கள் எட்டு வகைத் தேர்வு செய்வார்கள். நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், கண், மலம், சிறுநீர் ஆகியவற்றோடு மொழியும் அந்த எட்டில் ஒன்று. நோயாளி எப்படிப் பேசுகிறார் என்பதும் பரிசோதனைதான்!

கேள்வி கேட்டே நோயின் வேரைப் பிடித்த கதை ஒன்று கிரீனின் காலத்திலேயே நடந்தது. 1854இல் லண்டனில் ஒரு பகுதியில் காலரா பரவி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டருக்கு அதில் சந்தேகம். அவர் வீடு வீடாகப் போனார். எங்கே தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டார். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே அடி குழாயில் தண்ணீர் எடுத்தவர்கள்! பக்கத்திலேயே இருந்த ஓர் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு நோய் வரவில்லை. அங்கே தனிக் கிணறு இருந்தது. தொலைவில் வசித்த ஒரு மூதாட்டி மட்டும் காலராவில் இறந்திருந்தார். விசாரித்தால், அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், தினமும் ஆள் அனுப்பி வரவழைத்துக் குடித்தவராம்! ஸ்னோ சொன்னபடி குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலராக் கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று ராபர்ட் கோக் கொல்கத்தாவில் ஆராய்ந்து அறிவித்தது, முப்பது ஆண்டுகள் கழித்து 1884இல்.

தலையிடியும் தடிமனும்

யாழ்ப்பாணத்துக்கு வந்த கிரீனுக்கு முதல் சிக்கல், மொழி. அவருக்குத் தமிழ் தெரியாது. வந்த நோயாளிகளுக்கு ஆங்கிலம் தெரியாது.

இடையில் ஒருவரை வைத்து மொழிபெயர்த்துக் கேட்கலாமே என்பீர்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வலியைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன? விலாவில் குத்துகிறது. வயிறு பிசைகிறது. நெஞ்சு எரிகிறது. காது குடைகிறது. கால் உளைகிறது. கண் உறுத்துகிறது. கட்டி விண் விண் என்று தெறிக்கிறது. இடுப்பு கடுக்கிறது. இவை எல்லாவற்றையும் வலி என்ற ஒரே சொல்லாக மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? நெஞ்சு எரிகிறது என்றால் அநேகமாகச் சாப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். நெஞ்சின் மேல் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்துகிறது என்றால், உடனே ஓட வேண்டிய ஆபத்து! ஒரு சொல் மாறினால் வைத்தியமே மாறிவிடும்.

அதிலும் யாழ்ப்பாணத்துத் தமிழ் நம் பேச்சிலிருந்து கொஞ்சம் மாறுபடும். நாம் தலைவலி என்பதை அவர்கள் தலையிடி என்பார்கள். நமக்குச் சளி பிடித்தால் அவர்களுக்குத் தடிமன். நாம் இடுப்பு என்பது அவர்களுக்கு நாரி. வயிற்றுப்போக்கை வயிற்றோட்டம் என்பார்கள். தமிழர்களாகிய நாமே ஒரு நிமிடம் விழிப்போம். அமெரிக்கர் என்ன செய்வார்?

கிரீன் தமிழ் கற்றுக்கொண்டார். பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார். மானிப்பாய் என்ற ஊரில் மருத்துவமனை அமைத்து நோயாளிகளைப் பார்த்தார். ஒரே ஒரு டாக்டர், சுற்றிலும் எத்தனையோ கிராமங்கள். அவர் எவ்வளவு ஓடினாலும் போதாது. எனவே உள்ளூர் இளைஞர்களுக்கே மருத்துவம் கற்றுத்தரத் தீர்மானித்து, 1848இல் சில மாணவர்களோடு வகுப்பைத் தொடங்கினார். இலங்கை அரசு கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, மானிப்பாயில் மேற்கத்திய மருத்துவ வகுப்பு நடந்திருக்கிறது!

படித்தவர்கள் பறந்து போனார்கள்

முதலில் கிரீன் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார். பாட நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருந்தன! மாணவர்களும் நன்றாகப் படித்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் என்ன நடந்தது?

ஆங்கிலமும் தெரியும், மருத்துவமும் தெரியும் என்றால் நல்ல சம்பளத்தில் வெளியூரில் வேலை கிடைக்கும். ஆகவே பலர் கிராமங்களை விட்டுப் போய்விட்டார்கள். கிராமத்து மக்கள் பழையபடியே டாக்டர் இல்லாமல் இருந்தார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதே! ஆனால் கிரீனின் நோக்கம் நிறைவேறவில்லை.

இதற்கிடையே அவருடைய உடல்நலமும் கெட்டது. 1857இல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். பத்தாண்டு உழைத்தாயிற்று, போதும் என்று இருந்துவிடவில்லை. 1862இல் திருமணம் செய்துகொண்டு, மனைவி மார்கரெட்டையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தார். வந்தவர் ஒரு பெரிய முடிவை எடுத்தார். இனி மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது! 1864இல் தமிழ் வழி வகுப்பு தொடங்கியது.

தமிழில் படித்தவர் தம் ஊர் மக்களோடு ஊரிலேயே இருப்பார். மக்கள் பேச்சிலேயே நோயை விசாரிப்பார். அவர்களுக்குப் புரியும்படி மருந்தையும் பத்தியத்தையும் சொல்லுவார். இதுதான் கிரீனின் கணக்கு. தமிழில் படித்தால் பெரிய உத்தியோகம் கிடைக்காதே என்ற கவலை இருக்கத்தான் செய்தது. அந்தக் கவலை நியாயமானதும்கூட. ஆனாலும் கிரீன் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

புத்தகம் எங்கே?

வகுப்பு தொடங்கிவிட்டால் போதுமா? தமிழில் மருத்துவப் புத்தகம் வேண்டுமே! அதையும் அவரே உருவாக்க முனைந்தார். அதற்கான வேலையை 1850களிலேயே அவர் தொடங்கியிருந்தார். உடல் உறுப்புகள் பற்றிய ஒரு நூலும், பிரசவ வைத்தியம் பற்றிய ஒரு நூலும் முதலில் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் வந்தன.

அறுவை சிகிச்சை பற்றிய நூல் 'இரணவைத்தியம்'. இது 1867இல் வெளிவந்தது. இரணம் என்றால் புண், காயம். உடற்கூறு பற்றிய நூல் 'மனுஷ அங்காதிபாதம்'. நோய்களையும் அவற்றின் அறிகுறிகளையும் சிகிச்சையையும் சொல்லும் நூல் 'வைத்தியாகரம்'. இவை இரண்டும் 1872இல் வந்தவை. வேதியியல் நூல் 'கெமிஸ்தம்', 1875இல் வந்தது. உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கும் மேல்!

இதில் ஒரு வியப்பான செய்தி. ஹென்றி கிரே என்பவர் எழுதிய உடற்கூறு நூல் உலகப் புகழ் பெற்றது. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பார்கள். அது லண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858இல். அதைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' தமிழில் வந்தது 1872இல். வெறும் பதினான்கு ஆண்டு இடைவெளி! கணினி கிடையாது, டைப்ரைட்டர் கிடையாது. எல்லாம் கையால் எழுதி, அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்தவை. 'கெமிஸ்தம்' போன்ற நூல்கள் நம் நாகர்கோவிலில் இருந்த லண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சானவை என்பது நமக்குப் பெருமை.

இவ்வளவையும் கிரீன் தனி ஆளாகச் செய்யவில்லை. டான்ஃபோர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். கிரீன் சரிபார்த்துத் திருத்தினார். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் தமிழர்கள்தான். மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, படிப்புக்குப் பண உதவி செய்த அமெரிக்கர்களின் பெயரை வைப்பது அந்நாளைய வழக்கம்.

புதிய சொற்களுக்கு என்ன செய்தார்கள்? முதலில் தமிழில் பொருத்தமான சொல் இருக்கிறதா என்று தேடினார்கள். கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடினார்கள். அங்கும் இல்லையென்றால், ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதினார்கள். கெமிஸ்ட்ரி என்பது கெமிஸ்தம் ஆனது அப்படித்தான். இன்று நாம் அதை வேதியியல் என்கிறோம். அவர்கள் உண்டாக்கிய சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. அதனால் அந்த உழைப்பு வீண் என்று ஆகிவிடுமா? முதலில் பாதை போட்டவர் கல்லும் முள்ளும் நிறைந்த இடத்தில்தானே நடந்திருப்பார்!

கடல் தாண்டிய தபால்

1873இல் மறுபடியும் உடல்நலம் குன்றி, கிரீன் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் திரும்பினார். இரண்டு முறையும் சேர்த்துச் சுமார் 21 ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்திருக்கிறார். அவரிடம் படித்து மருத்துவர் ஆனவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

ஊருக்குப் போன பிறகும் அவர் தமிழை விடவில்லை. பனி பெய்யும் வூஸ்டர் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தும் வேலையைத் தொடர்ந்தார். கையெழுத்துப் படிகள் தபாலில் கடல் தாண்டிப் போய் வந்தன. அவரைச் சுற்றி அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நினைத்துப் பாருங்கள், செல்லங்களே! நமக்கோ வீட்டுப்பாடம் ஒரு பக்கம் எழுதவே அலுப்பாக இருக்கிறது.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி கிரீன் காலமானார். அப்போது அவருக்கு வயது 61. தம் கல்லறைக் கல்லில் தம்மைத் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று பொறிக்க வேண்டும் என அவர் விரும்பியிருந்தார். அப்படியே பொறித்தார்கள். அமெரிக்காவில் உள்ள ஓர் ஊரின் கல்லறையில், தமிழர் என்ற நம் பெயர் இருக்கிறது! மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் நினைவு மருத்துவமனையும் இருக்கிறது.

அவருக்குப் பிறகு?

கிரீன் போன பிறகு தமிழ் வழி மருத்துவ வகுப்பு நீடிக்கவில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே போய்விட்டது. இன்றும் நம் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. உலகெங்கும் வெளிவரும் புதிய ஆராய்ச்சிகளைப் படிக்க ஆங்கிலம் தேவைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் முனகுவதில்லையே! அப்பத்தாவுக்குக் கால் உளைந்தால், உளைகிறது என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லின் பொருள் எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவப் பாட நூல்கள் சிலவற்றைத் தமிழில் வெளியிட்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்களில் சிலர் வருங்காலத்தில் டாக்டர் ஆவீர்கள். இப்போதே தமிழையும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். பாட்டியிடமும் வயலில் வேலை செய்பவரிடமும் பேசிப் பழகுங்கள். அவர்கள் சொல்லும் சொற்கள் ஒருநாள் உங்களுக்கு ஸ்டெதஸ்கோப் போல உதவும்.

டாக்டர் ஆகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது இவற்றைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள்:

* எங்கே தொல்லை? விரலால் தொட்டுக் காட்டுங்கள்.
* எப்போது தொடங்கியது? எத்தனை நாளாக?
* எப்படி இருக்கிறது? குத்தலா, எரிச்சலா, பிசைவதா? உங்களுக்குத் தோன்றும் சொல்லிலேயே சொல்லுங்கள்.
* எதனால் கூடுகிறது? எதனால் குறைகிறது?
* என்ன சாப்பிட்டீர்கள்? வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?
* ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?

இவற்றில் எதையும் மறைக்காதீர்கள். அம்மா திட்டுவாரே என்று பயந்து, கடையில் வாங்கித் தின்றதைச் சொல்லாமல் விடாதீர்கள்! டாக்டர் கேட்பது உங்களைத் திட்டுவதற்காக அல்ல.

சரி, அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? மறுநாள் முதல் ஆயாவும் நானும் முறை வைத்துக்கொண்டு காலையில் அவனுக்கு இரண்டு இட்லி கொண்டு வந்தோம். பதினொரு மணி வயிற்று வலி போயே போய்விட்டது. கணக்கு மட்டும் அவனுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. அது வேறு நோய். அதற்கு நான்தான் இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்திருக்க வேண்டும்!